‘எழுதியாச்சு’ என்ற பதில்

குற்றாலத்தில் சாரல் பிடித்துக்கொண்டால் ஊர் உலகமே அருவிக்கரையில் எண்ணெய் வழிய நிற்கும். வல்லிநாயகம் அண்ணாச்சியின் கம்பெனி ஆட்கள் மட்டும் ஐந்தருவி ரோட்டில் ஒரு பங்களாவைப் பிடித்து, கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எண்பத்தெட்டாம் வருஷத்து ஆடி மாதம் அது. சண்டைக்குக் காரணம் சாப்பாட்டு மேஜைமேல் கிடந்த ஒரு கட்டு ப்ரிண்ட் அவுட். அதன் ஓரத்தில் விஜயம் சிவப்புப் பென்சிலால் ஒரே ஒரு சொல் எழுதிவைத்திருந்தாள். ‘பொய்.’

அடுத்தவர் எழுதிய புரோகிராமைத் திருத்துகிறவர்கள் ‘இங்கே தப்பு’ என்று எழுதுவார்கள், ‘மறுபடி யோசிக்கவும்’ என்று எழுதுவார்கள். பொய் என்று யாராவது எழுதுவார்களா? விஜயம் எழுதுவாள். தென்காசிக்காரி. வாய் கொஞ்சம் நீளம், அதை அவளே ஒப்புக்கொள்வாள்.

அண்ணாச்சி ஆலங்குளத்துக்காரர். மெட்ராஸில் கம்ப்யூட்டர் செய்து விற்கிற சின்னக் கம்பெனி அவருடையது. மெட்ராஸ் வெயிலில் உட்கார்ந்தால் எவனுக்கும் மூளை ஓடாது என்பது அவர் கட்சி. அதனால் வருஷா வருஷம் சாரல் நேரத்தில் இரண்டு மெஷினை மெத்தையில் சுற்றி வேனில் ஏற்றி, ஆட்களையும் ஏற்றி, குற்றாலத்துக்கு வந்துவிடுவார். காலையில் அருவி, அப்புறம் இட்லி, அப்புறம் வேலை. நினைத்தபோதெல்லாம் கரண்ட் போகும். அதைப்பற்றி அவருக்குக் கவலை இல்லை, கஷ்டப்படுகிறவர்கள் மற்றவர்கள்தானே.

அந்த ப்ரிண்ட் அவுட் கணபதிசுப்பிரமணியன் எழுதியது. கணபதி கடையத்துக்காரன். கெட்டிக்காரன், அதில் விஜயத்துக்கே சந்தேகம் கிடையாது. மெஷினின் அடிவயிற்றில் ஓடுகிற புரோகிராமுக்கு கர்னல் என்று பெயர். அதற்குள் கை வைக்கிற தைரியம் அந்தக் கம்பெனியில் அவனுக்கும் அவளுக்கும்தான் உண்டு. கேபிளால் கட்டிய இரண்டு மெஷினில், பெரிய மெஷினின் டிஸ்க்கில் உள்ள ஃபைலைச் சின்ன மெஷினில் உட்கார்ந்திருப்பவர் தன்னுடையதைப்போலத் திறந்து எழுதுவதற்கான பகுதியை அவன் மாற்றியிருந்தான்.

பழைய முறை இப்படி. சின்ன மெஷின் ‘இதை எழுது’ என்று அனுப்பும். பெரிய மெஷின் டிஸ்க்கில் எழுதி முடித்துவிட்டு ‘எழுதியாச்சு’ என்று பதில் சொல்லும். அந்தப் பதில் வந்த பிறகுதான் சின்ன மெஷின் தன்னிடம் உள்ள பிரதியைத் தூக்கி எறியும். பத்திரமான முறை, ஆனால் ஆமை வேகம். டிஸ்க் அப்படித்தான், அதை யாரும் விரட்ட முடியாது. கணபதி என்ன செய்தான்? வந்ததை மெமரியில் வாங்கி வைத்துக்கொண்டு உடனே ‘எழுதியாச்சு’ என்று பதிலைச் சொல்லிவிடு, டிஸ்க்கில் அப்புறம் சாவகாசமாக எழுதிக்கொள்ளலாம் என்று மாற்றிவிட்டான். வேகம் பிய்த்துக்கொண்டு போயிற்று. அண்ணாச்சி மேஜையைத் தட்டிச் சிரித்தார்.

அவர் சிரித்ததற்குக் காரணம் உண்டு. தென்காசி ரயில்வே கேட் பக்கம் ஆஸ்பத்திரி வைத்திருந்த டாக்டர் ஹாஜரா பீவி இரண்டு மெஷினும் வேண்டும் என்று கேட்டிருந்தார். லேப் ரோட்டுக்கு இந்தப் பக்கம், வார்டு அந்தப் பக்கம். லேபில் ரத்தம் பார்த்துத் தட்டினால் வார்டில் உடனே தெரிய வேண்டும். போன மாதம் பழைய முறையில் ஓட்டிக் காட்டியபோது டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இதற்கு ஆயாவிடம் சீட்டைக் கொடுத்தால் ரோட்டைத் தாண்டிப் போய்த் திரும்பியும் வந்திருப்பாள் என்று சொல்லி எழுந்துவிட்டார். அண்ணாச்சிக்கு அன்று முகத்தில் ஈயாடவில்லை.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம். கர்னலில் யார் எதை மாற்றினாலும் அதை அச்செடுத்து மேஜையில் போட்டு, இன்னொருவர் வரி வரியாகப் படித்துக் கேள்வி கேட்க வேண்டும். சரி என்று பட்டால் படித்தவர் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட வேண்டும். எழுதியவன் பெயர் எங்கும் இருக்காது. சரி என்று சொன்னவர்தான் நாளைக்குப் பதில் சொல்ல வேண்டும். கையெழுத்து விழுந்துவிட்டால் அந்தப் பக்கத்தை மறுபடி யாரும் திறக்கக் கூடாது. இதெல்லாம் விஜயம் கொண்டுவந்த சட்டங்கள். மெஷினை நிறுத்துமுன் மூன்று தரம் ‘சிங்க்’ தட்டியே ஆகவேண்டும் என்பதும் அவள் சட்டம்தான். மெமரியில் தொங்கிக்கொண்டிருப்பதையெல்லாம் டிஸ்க்கில் இறக்கு என்று மெஷினுக்குச் சொல்லும் கட்டளை அது. ஏன் மூன்று தரம், ஒரு தரம் போதாதா என்று கேட்டால் அவளுக்கும் தெரியாது. ஆனால் தட்டாமல் நிறுத்தியவர்களை அவள் விட்டதில்லை. ஒருதரம் கணபதியை எல்லார் முன்னாலும் கிழித்துத் தோரணம் கட்டினாள்.

அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவே வேறு கணக்கு ஒன்றும் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கணபதி வீட்டார் கடையத்திலிருந்து தென்காசிக்கு அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். கேசரித் தட்டைக் கீழே வைக்குமுன்பே கணபதி, எனக்குச் சம்மதம் என்று சபையில் வாய்விட்டுச் சொன்னான். அவள் அப்பா ஆனந்தத்தில் இன்னொரு தட்டுக் கேசரி கொண்டுவரச் சொன்னார். ஊருக்குப் போனதும், ஆம்பிளைகளோடு வெளியூரில் வேலை பார்க்கிற பெண் நமக்கு வேண்டாம் என்று அவன் அம்மா சொன்னாள். சரி என்றான். தரகர் வந்துதான் சங்கதியைச் சொன்னார். கணபதி பாட்டுக்கு அடுத்த வாரம் ஆபீசுக்கு வந்து, எதிர் மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்தான். அதை அவள் மறக்கவில்லை. மறப்பதாக உத்தேசமும் இல்லை.

அதனால்தான் ‘பொய்’ என்ற சொல்லைப் பார்த்ததும் எல்லாருக்கும் அந்தக் கேசரி ஞாபகம் வந்துவிட்டது.

கணபதி பொறுமையாகத்தான் ஆரம்பித்தான். மெஷின் அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் தானாகவே எல்லாவற்றையும் டிஸ்க்கில் இறக்கிவிடும், அந்த அரை நிமிஷத்துக்குள் கரண்ட் போனால்தானே ஆபத்து, அப்படி எத்தனை தரம் போகும் என்று கேட்டான். ஆடிக் காற்றில் தென்காசிப் பக்கம் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்க உனக்கு வெட்கமாக இல்லையா என்பதுபோல அவள் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே மின்கம்பி ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது. போகிற அந்த ஒரு தரம், ஒருத்திக்கு எந்த ரத்தம் ஏற்றுவது என்று தட்டிய நேரமாக இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டாள். கணபதி வேறு பக்கம் பாய்ந்தான்.

“பழைய கோவத்தயெல்லாம் புரோகிராமுல காட்டாத விஜயம். சோலிய சோலியாப் பாரு.”

அவள் அங்கே வாயை மூடியிருக்க வேண்டும். மூடினாளா?

“எழுதுததுக்கு முந்தியே எழுதியாச்சுன்னு சொல்லுதது ஒங்களுக்கு என்ன புதுசா?”

துல்கர்னைன் தலையைக் குனிந்துகொண்டு கேபிளைச் சுற்ற ஆரம்பித்தான். கடையநல்லூர்ப் பையன், மெஷின் ரிப்பேர் எல்லாம் அவன் பொறுப்பு, சவூதி விசாவுக்குக் காத்திருந்தான். கணபதியின் காது சிவந்துவிட்டது. அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த நிமிஷத்திலிருந்து அவள் சொன்னது எவ்வளவு நியாயமாக இருந்தாலும் அது வஞ்சம்தான் என்று ஆகிப்போயிற்று. அவளுக்கே அது புரிந்தது. அந்தச் சொல்லை எழுதும்போது பென்சில் இனித்தது நிஜம்தானே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அதற்காக விட்டுவிடுவதா? நிறுத்திப் பார்த்துவிடுவோம் என்றாள். கணபதி சின்ன மெஷினிலிருந்து ஒரு ஃபைலை அனுப்பட்டும். ‘எழுதியாச்சு’ என்று பதில் வந்த கையோடு மெயின் சுவிட்சை நிறுத்துவோம். மறுபடி போட்டுப் பார்க்கும்போது ஃபைல் இருந்தால் அவள் கையெழுத்துப் போடுவாள், இல்லாவிட்டால் கணபதி கட்டைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பெரிய மெஷினை நான்தான் பார்த்துக்கொள்வேன், எவனும் பக்கத்தில் வரக் கூடாது என்றும் சொல்லிவிட்டாள். அவ்வளவு சந்தேகம் அவளுக்கு.

விஜயம் பெரிய மெஷின்முன் உட்கார்ந்தாள், துல்கர்னைன் சுவிட்சுப் பக்கம் நின்றான். கணபதி சின்ன மெஷினில் தட்டினான். பதில் வந்துவிட்டது என்றான். நிறுத்தட்டுமா அக்கா என்று துல்கர்னைன் கேட்டான். விஜயம் ‘ம்’ என்றாள். விளக்கும் மெஷினும் ஒன்றாக அடங்கின.

மறுபடி போட்டுப் பெரிய மெஷின் எழுந்து உட்கார்ந்தபோது ஃபைல் முழுசாக இருந்தது. கடைசி வரி வரை இருந்தது.

அவளால் நம்ப முடியவில்லை. மறுபடி திறந்து பார்த்தாள். இருந்ததே! கணபதி சிவப்புப் பென்சிலை எடுத்து அவள் முன்னால் உருட்டிவிட்டான். அண்ணாச்சி, போடு தாயே, நாளை மறுநாள் தென்காசிக்குப் போக வேண்டும் என்றார். விஜயம் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டாள். ‘பொய்’ என்ற சொல்லை அடிக்கச் சொன்னான் கணபதி. அதையும் அடித்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவள் கீழே வரவில்லை.

மறுநாள் காலையில் எல்லாரும் அருவிக்குக் கிளம்பினார்கள். தலைவலி என்று அவள் தங்கிவிட்டாள். தனியாக மெஷின்முன் உட்கார்ந்து வேறு ஏதோ வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் காற்று பேயாக அடித்து விளக்கு மங்கி மங்கி எரிந்தது. கரண்ட் போகுமுன் நாமே நிறுத்திவிடுவோம் என்று எழுந்தாள். எழுந்திருக்கும்போது அவள் விரல்கள் பாட்டுக்குத் தட்டின. சிங்க். சிங்க். சிங்க்.

அப்படியே நின்றுவிட்டாள்.

நேற்று துல்கர்னைன் நிறுத்தட்டுமா என்று கேட்டானே, அவள் ‘ம்’ என்றாளே, இரண்டுக்கும் நடுவில் இந்த விரல்கள் என்ன செய்தன? மெஷின் நிற்கப் போகிறது என்றால் அவை சும்மா இருக்குமா? வருஷக்கணக்காகப் பழக்கிவைத்திருக்கிறாளே. கணபதியின் புரோகிராம் மெமரியில் போட்டு வைத்திருந்ததை அவள் கையே டிஸ்க்கில் இறக்கிக் கொடுத்திருக்கிறது. அவன் பொய்யை அவளே உட்கார்ந்து மெய்யாக்கிவிட்டாள். எவனும் பக்கத்தில் வரக் கூடாது என்று சட்டம் வேறு.

நாற்காலியைத் தள்ளி வைத்தாள். சின்ன மெஷினிலிருந்து ஒரு ஃபைலை அனுப்பினாள். பதில் வந்ததும் பெரிய மெஷினைத் தொடாமல், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டே போய், சுவிட்சைத் தோளால் இடித்து இறக்கினாள். மறுபடி போட்டபோது ஃபைலின் பெயர் இருந்தது. உள்ளே ஒரு எழுத்துகூட இல்லை.

தலை ஈரத்தோடு திரும்பியவர்களிடம் வாசலிலேயே சொன்னாள். கணபதி நின்றுகூடக் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்ட பக்கத்தைத் திறக்கக் கூடாது என்று சட்டம் போட்டது யார் என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனான். மறுபடி ஒரு தரம் நிறுத்திப் பார்ப்போம் என்று அவள் அண்ணாச்சியிடம் கெஞ்சினாள். ஆமாம், கெஞ்சினாள். அண்ணாச்சிக்கு முகம் கடுகடுத்தது.

“நேத்து எல்லாரும் பாத்தாச்சு. இன்னைக்கு ஆளில்லாத நேரத்துல நீ என்ன பண்ணிவச்சியோ. ஏட்டி, ஒனக்கும் அவனுக்கும் ஆகலேன்னா அத எங்கனயாவது போய்த் தீத்துக்கோ. என் யாவாரத்துல கொண்டாந்து கொட்டாத.”

அவர் அதுவரை அவளை ஏட்டி என்று கூப்பிட்டதில்லை. அவள் துல்கர்னைனைப் பார்த்தாள். என் விரல் தட்டியதை நீ பார்த்தாய்தானே என்றாள். நான் சுவிட்சைத்தான் பார்த்தேன் அக்கா, விரலைப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு அவன் துண்டைக் காயப்போடப் போய்விட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அவன் உண்மையைத்தான் சொன்னான்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ரோட்டைத் தாண்டிக் கேபிள் இன்னும் இழுக்காததால் இரண்டு மெஷினையும் ஒரே அறையில் வைத்தார்கள். டாக்டர் ஹாஜரா பீவி தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு தாமே சின்ன மெஷினில் உட்கார்ந்தார். அன்று காலையில் பிரசவத்துக்குச் சேர்ந்திருந்த உலகம்மை என்பவளின் பெயரைத் தட்டினார், ஊர் சுரண்டை என்று தட்டினார், ரத்தம் ஓ நெகடிவ் என்று தட்டினார். கையை எடுக்குமுன் ‘எழுதியாச்சு’ என்று திரையில் வந்துவிட்டது. டாக்டரம்மா முகம் மலர்ந்தது. இதல்லவா வேகம் என்றார். அண்ணாச்சி கணபதியின் முதுகைத் தட்டினார்.

விஜயம் சுவரோரம் நின்றிருந்தாள். அந்த அறையின் மெயின் சுவிட்சு அவள் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே போய்த்தான் நின்றாள், தற்செயலாக ஒன்றும் நிற்கவில்லை. வேலை போய்விடும் என்று தெரியும். கையெழுத்து என்னுடையது, நாளைக்கு அந்த உலகம்மைக்கு ஏதாவது ஆனால் அதுவும் என்னுடையது என்று மட்டும் நினைத்தாள். கையை நீட்டி சுவிட்சை இறக்கினாள்.

அறை இருட்டியது. அண்ணாச்சி சிரித்துக்கொண்டே மின்சாரக்காரர்களைத் திட்ட ஆரம்பித்தார்.

“கரண்ட் போகல அண்ணாச்சி. நாந்தான் நிறுத்துனேன்.”

அவர் வாய் திறந்தபடியே நின்றது. கணபதி பெரிய மெஷினை நோக்கி ஒரு அடி வைத்தான். யாரும் அதைத் தொடக் கூடாது என்று அவள் சொன்னாள். டாக்டரம்மா ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் பார்த்தார். விஜயம் சுவிட்சைப் போட்டாள். மெஷின் தன் டிஸ்க்கைத் தானே சரிபார்த்து எழுந்திருக்க நேரம் எடுத்தது. அதுவரை வந்த காபியை எவரும் தொடவில்லை.

உலகம்மையைத் திறந்து பாருங்கள் என்றாள். டாக்டரம்மா திறந்தார். வெறுமையாக இருந்தது. ஊர் இல்லை, ரத்தம் இல்லை.

இப்போதுதானே எழுதியாச்சு என்று சொன்னது என்று டாக்டரம்மா மெஷினைக் கேட்பதுபோலக் கேட்டார். எழுதுமுன்பே அப்படிச் சொல்லும் என்று விஜயம் சொன்னாள். கணபதி பாய்ந்து வந்தான். வேண்டுமென்றே கெடுக்கிறாள் டாக்டரம்மா, இவளுக்கு என்மேல் பழைய பகை, இப்படி யார் வந்து சுவிட்சை நிறுத்துவார்கள் என்று படபடத்தான். யாரும் நிறுத்த வேண்டாம், இங்கே அது தானே போகும், நேற்று மட்டும் பிரசவ அறையில் எத்தனை தரம் லாந்தர் பிடித்தோம் தெரியுமா என்றார் டாக்டரம்மா. குரல் உயரவில்லை.

“இது சரியா இருக்குன்னு சொன்னது யாரு?”

அண்ணாச்சி தரையைப் பார்த்தார். கணபதியும் தரையைப் பார்த்தான்.

“நாந்தான் டாக்டரம்மா. கையெழுத்து என்னுதுதான்.”

டாக்டரம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். தப்பு என்று தெரிந்தும் சரி என்று எழுதிக் கொடுத்திருக்கிறாய் என்றார். முதலில் எதிர்த்தேன், சோதித்தபோது என் கையே என்னை ஏமாற்றிவிட்டது, நேற்றுத்தான் தெரிந்தது என்று அவள் சொன்னாள். சொல்லும்போதே அது எவ்வளவு நொண்டியாக இருக்கிறது என்று அவளுக்குக் கேட்டது.

“அப்ப ஒன் கையெழுத்தயும் நம்ப முடியாதுல்லா?”

“நம்பாதிய. அதுக்குத்தான் நிறுத்திக் காட்டுனேன்.”

டாக்டரம்மா எழுந்துகொண்டார். இரண்டு மெஷினையும் தூக்கிக்கொண்டு போங்கள் என்றார். மறுபடி வருவதானால் வாருங்கள், மெதுவாக இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் சுவிட்சை நான்தான் நிறுத்துவேன், உங்கள் ஆட்கள் எல்லாரும் வாசலில் நிற்க வேண்டும், இந்தப் பெண் உள்பட என்றார். போகிற வழியில் உலகம்மையின் ரத்தத்தை ஒரு சீட்டில் எழுதி ஆயாவிடம் கொடுத்தார்.

மெஷின்களை வேனில் ஏற்றினார்கள். குற்றாலத்துக்குத் திரும்புகிற ரோட்டில், அவள் வீட்டுத் தெரு முக்கில், அண்ணாச்சி டிரைவரை நிறுத்தச் சொன்னார். வீட்டில் போய் இரு, பிறகு சொல்லி அனுப்புகிறேன் என்றார். அவள் இறங்கினாள். இறங்கியவள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“வராதேன்னு சொல்லுங்க அண்ணாச்சி. சொல்லி அனுப்புதேன்னு சொல்லாதிய.”

வராதே என்றார் அவர்.

சரி என்று அவள் ப்ரிண்ட் அவுட் கட்டைக் கேட்டாள். கணபதி கொடுக்க மாட்டேன் என்று மடியில் அழுத்திக்கொண்டான். துல்கர்னைன் அதை அவன் மடியிலிருந்து உருவி, தலைநிமிராமல் அவளிடம் நீட்டினான். வேன் கதவில் வைத்து, பக்கத்துக்குப் பக்கம் தன் கையெழுத்தைக் கட்டோடு இருந்த சிவப்புப் பென்சிலால் அடித்தாள். சாரலில் காகிதம் நனைந்தது. கணபதியின் மாற்றம் வருகிற பக்கத்தில் மட்டும், அன்று அவன் அடிக்கச் சொன்ன சொல்லை மறுபடி எழுதினாள். கட்டை அவன் மடியிலேயே திருப்பி வைத்தாள்.

இனி யார் படித்துக் கையெழுத்துப் போடுவது என்று அண்ணாச்சி துல்கர்னைனைப் பார்த்தார். துல்கர்னைன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வேன் கிளம்பியது. பென்சிலை விஜயம் திருப்பிக் கொடுக்கவில்லை.